ட்ரெட்மில்லில் 4 என்றால் எவ்வளவு? கிலோமீட்டரா, மைலா... வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

``தினமும் அரை மணி நேரம் நடங்க. மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகம் போதும்'' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீடோ மன்னார்புரம் சிக்னல் பக்கம். காலையில் ஆறு மணிக்கே பஸ், லாரி, ஆட்டோ என்று ரோடு விழித்துக்கொள்ளும். ``இந்த டிராஃபிக்ல அப்பா எங்கே நடக்குறது?'' என்று வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ட்ரெட்மில்லை வாங்கி அனுப்பிவிட்டார். அப்பாவும் ஆசையாக ஏறி நின்று, டாக்டர் சொன்னபடியே 4.5 என்று வைக்கிறார். அடுத்த சில விநாடிகளில் கால் பின்னுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, ``ஏம்மா, இது என்ன இந்த ஓட்டம் ஓடுது?'' என்கிறார்.

தப்பு அப்பாவின் காலில் இல்லை. டாக்டர் சொன்ன நாலரை, கிலோமீட்டர். மெஷின் எடுத்துக்கொண்ட நாலரை, மைல். மணிக்கு 4.5 மைல் என்பது 7.2 கிலோமீட்டர். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டும்போதே கால் தானாக ஓட்டத்துக்கு மாறிவிடும். அறுபது வயதைத் தாண்டிய, சர்க்கரையோ பி.பி-யோ இருக்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. கீழே விழலாம், முட்டியில் அடிபடலாம், இதயத்துக்குத் தேவையில்லாத சுமையும் ஏறலாம்.

தலைகீழாகவும் நடக்கும். `மைல்' கணக்கில் சொன்ன வேகத்தைக் கிலோமீட்டர் மெஷினில் வைத்தால், மாதக்கணக்கில் நடந்தாலும் நடை உடம்பில் ஏறாது. `தினமும் நடக்குறேன், ஒண்ணும் குறையலையே' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, ட்ரெட்மில்லில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அதில் தெரியும் எண் எந்த அலகில் இருக்கிறது என்பதுதான்.

இந்தக் காலத்தில் எதற்கு மைல்?

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் மெட்ரிக் அலகுகளைத்தான் சொல்கிறது. ஆனாலும், மைல் நம் பேச்சைவிட்டு இன்னும் போகவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும்போதுகூட, ``வண்டி என்ன மைலேஜ் குடுக்குது?'' என்றுதானே கேட்கிறோம்?

ட்ரெட்மில் கதை வேறு. அமெரிக்காவில் இன்றும் மைல்தான். ஒரே கன்சோலைப் பல நாடுகளுக்கும் விற்பதால், பல மெஷின்களில் இரண்டு அலகுகளும் உள்ளே இருக்கும். மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கும். தொழிற்சாலையிலேயே மைலில் வைத்து வந்திருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், பழைய சொந்தக்காரர் மாற்றிவைத்திருக்கலாம். பேரன் பட்டன்களை அழுத்தி விளையாடியபோது மாறியிருக்கலாம். சில டிஸ்ப்ளேக்களில் எண் மட்டும்தான் தெரியும். அலகு ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

மெஷின் தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது

``தூரத்தைப் பார்த்தா தெரிஞ்சுடுமே'' என்று தோன்றும். தெரியாது. வேகத்தை 6-ல் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தூரம் 1.00 என்று காட்டும். அலகு கிலோமீட்டராக இருந்தாலும் 1.00தான், மைலாக இருந்தாலும் 1.00தான். மெஷின் தனக்குள் எப்போதும் சரியான கணக்குத்தான் போடும். அது எந்த அலகு என்று அறிய, மெஷினுக்கு வெளியே இருந்து ஓர் அளவு வேண்டும். அப்படி ஐந்து வழிகள் இருக்கின்றன. சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம்.

1. ஆரம்ப வேகம்

பெல்ட்டில் ஏறாமல், பக்கத்தில் நின்றபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். முதலில் வரும் எண் 0.5 என்றால், பெரும்பாலும் மைல். 0.8 அல்லது 1.0 என்றால், பெரும்பாலும் கிலோமீட்டர். அரை மைல் என்பது 0.8 கிலோமீட்டர் என்பதால்தான் இந்த வித்தியாசம். இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. உச்ச வேகம்

மேனுவலிலோ, மெஷினின் ஸ்டிக்கரிலோ அதிகபட்ச வேகம் போட்டிருக்கும். வீட்டு மெஷின்களில் 10, 12, 14 கிலோமீட்டர் என்று இருப்பது வழக்கம். மேசைக்கு அடியில் போட்டுக்கொள்ளும் வாக்கிங் பேடு என்றால் 6. இப்போது ஆள் ஏறாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். 12 என்று போட்டிருக்கும் மெஷின், 7.4 அல்லது 7.5-க்கு மேல் ஏற மறுக்கிறதா? அது மைலில் இருக்கிறது. 10 கிலோமீட்டர் மெஷின் 6.2-லும், 14 கிலோமீட்டர் மெஷின் 8.7-லும் நின்றுவிடும்.

3. வட்டக் கணக்கு

சில கன்சோல்களில் மைதானம் போல ஒரு நீள்வட்டம் வரைந்து, நாம் நடக்க நடக்க விளக்குப் புள்ளி சுற்றிவரும். அது பெரும்பாலும் 400 மீட்டர் டிராக்கைக் குறிக்கும். ஒரு சுற்று முடியும்போது தூரம் 0.40 என்று காட்டினால் கிலோமீட்டர். 0.25 என்று காட்டினால் மைல். கால் மைல் என்பது 402 மீட்டர் என்பதால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வட்டம்தான்.

4. பெல்ட் கணக்கு

இதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத வழி. இஞ்ச் டேப், சாக்பீஸ், செல்போனில் ஸ்டாப் வாட்ச் இருந்தால் போதும்.

* பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கையால் மெதுவாக உருட்டியபடி, டேப்பால் பகுதி பகுதியாக அளந்து, பெல்ட்டின் முழுச் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 2.7 மீட்டர்.

* மெஷினை ஆன் செய்து, ஆள் ஏறாமல், வேகத்தை 4.0-ல் வையுங்கள். சாக்பீஸ் கோடு 20 முறை சுற்றிவர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எண்ணுவது கஷ்டமாக இருந்தால், செல்போனில் வீடியோ எடுத்து நிதானமாக எண்ணலாம்.

* கணக்கு: பெல்ட் நீளத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, விநாடியால் வகுத்து, 3.6-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். ஒரு மணிக்கு 3,600 விநாடி, ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர். அந்த 3.6 இப்படித்தான் வருகிறது.

நம் உதாரணத்தில் 20 சுற்று என்றால் 54 மீட்டர். அதற்கு 49 விநாடி ஆனால், வேகம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். மெஷின் கிலோமீட்டரில் இருக்கிறது. வெறும் 30 விநாடியில் முடிந்துவிட்டால், வேகம் 6.5 கிலோமீட்டர், அதாவது 4 மைல். `4' என்ற அதே எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

3.9, 4.1 என்று கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் கவலை வேண்டாம். அது அளக்கும்போது வரும் சின்னப் பிசகு. ஆள் ஏறினால் மட்டும் வேகம் நன்றாகக் குறைகிறது என்றால், பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது சிலிக்கான் ஆயில் காய்ந்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெல்ட் ஓடும்போது கையோ காலோ அதன் பக்கம் போகக் கூடாது. வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, துப்பட்டா எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

5. உங்கள் காலே அளவுகோல்

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி. காஜாமலை பக்கம் இருக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஒருநாள் போங்கள். 400 மீட்டர் டிராக்கின் உள் ஓரத்தை ஒட்டி, உங்களுக்கு வசதியான வேகத்தில் ஒரு சுற்று நடந்து, நேரத்தைப் பாருங்கள்.

* 6 நிமிடம் என்றால் மணிக்கு 4 கிலோமீட்டர்.
* 4 நிமிடம் 48 விநாடி என்றால் 5 கிலோமீட்டர்.
* 4 நிமிடம் என்றால் 6 கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்து ட்ரெட்மில்லில் மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, அதே நடை வரும் வரை மெதுவாகக் கூட்டுங்கள். மைதானத்தில் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தவருக்கு, ட்ரெட்மில்லில் 3.1 என்ற இடத்திலேயே அதே நடை வந்துவிட்டால் மெஷின் மைலில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் உத்திர வீதியிலோ, சித்திரை வீதியிலோ வழக்கமாகச் சுற்றுகிற பாதையின் நீளத்தை பைக் ஓடோமீட்டரில் ஒருமுறை அளந்துவைத்துக்கொண்டால், இதே கணக்கை அங்கேயும் போடலாம்.

மனக்கணக்கு போதும்

ஒரு மைல் என்பது 1.609 கிலோமீட்டர். இதற்குக் கால்குலேட்டர் தேடத் தேவையில்லை. மைலைக் கிலோமீட்டராக்க, எண்ணோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 3 மைலா? 3-உடன் 1.5, பிறகு 0.3. மொத்தம் 4.8 கிலோமீட்டர். அவ்வளவுதாங்க.

திருப்பிப் போட, `எட்டுக்கு அஞ்சு' என்று நினைவில் வையுங்கள். 8 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 5 மைல். 4 கிலோமீட்டர் என்றால் இரண்டரை மைல்.

மெஷினுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைக்க ஒரு பட்டியல்:

2 மைல் = 3.2 கிலோமீட்டர்
2.5 மைல் = 4.0 கிலோமீட்டர்
3 மைல் = 4.8 கிலோமீட்டர்
3.5 மைல் = 5.6 கிலோமீட்டர்
4 மைல் = 6.4 கிலோமீட்டர்
5 மைல் = 8.0 கிலோமீட்டர்
6 மைல் = 9.7 கிலோமீட்டர்

வாட்ச் ஒன்று சொல்கிறது, மெஷின் ஒன்று சொல்கிறது!

ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இது அன்றாடக் குழப்பம். வீட்டுக்குள் ஒரே இடத்தில் நடக்கும்போது, வாட்ச் உங்கள் கை வீச்சைவைத்துத்தான் தூரத்தை ஊகிக்கிறது. கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தால், கணக்கு குறையும். அதனால் கொஞ்சம் வித்தியாசம் வருவது சகஜம். ஆனால், மெஷின் 2.0 என்றும் வாட்ச் 3.2 கிலோமீட்டர் என்றும் காட்டினால், அது கை வீச்சுப் பிரச்னை அல்ல. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 1.6-ஐ ஒட்டி வந்தால், மெஷின் மைலில் இருக்கிறது.

இன்னொரு குழப்பம், `பேஸ்.' வாட்ச்சில் 12 என்று தெரிவதைப் பார்த்து, மணிக்கு 12 கிலோமீட்டர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 12 நிமிடம் ஆகிறது என்று அர்த்தம். 60-ஐ 12-ஆல் வகுத்தால் வேகம் வந்துவிடும்: மணிக்கு 5 கிலோமீட்டர். வேகத்தில் எண் கூடினால் வேகம் கூடுகிறது. பேஸில் எண் குறைந்தால்தான் வேகம் கூடுகிறது.

வீடியோவில் பார்த்த `3'

அமெரிக்க யூடியூபர் லாரன் ஜிரால்டோ பிரபலமாக்கிய `12-3-30' பயிற்சியை நம் ஊரிலும் பலர் முயல்கிறார்கள். சரிவு 12 சதவிகிதம், வேகம் 3, நேரம் 30 நிமிடம். அவர் சொல்லும் 3, மைல். அதாவது 4.8 கிலோமீட்டர். கிலோமீட்டர் மெஷினில் 3 என்று வைத்தால் நீங்கள் செய்வது வேறு பயிற்சி.

அதற்காக, `அப்படின்னா 4.8 வச்சுடலாம்' என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் நடக்கும் தூரம் 2.4 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 287 மீட்டர். நம் மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். அதை மூன்று தடவைக்கு மேல் நிறுத்தாமல் ஏறுவதற்குச் சமம்! சமதளத்தில் அதே வேகத்தில் நடப்பதைப் போல, சுமார் இரண்டரை மடங்கு உழைப்பு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும், முட்டி வலி, இதய நோய் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

சரிவிலும் அலகுச் சிக்கல் உண்டு. 12 சதவிகிதம் வேறு, 12 டிகிரி வேறு. 12 டிகிரி என்பது 21 சதவிகிதச் சரிவு. கையால் தூக்கி மாட்டும் சரிவு உள்ள வீட்டு மெஷின்களில் 1, 2, 3 என்பவை வெறும் படிநிலைகள். அவை சதவிகிதம் அல்ல. மேனுவலைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

டி.எம்.டி ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் டி.எம்.டி பரிசோதனையில், பெரும்பாலும் `புரூஸ் புரோட்டோகால்' என்ற முறையைப் பின்பற்றுவார்கள். அமெரிக்க இதயநோய் மருத்துவர் ராபர்ட் புரூஸ் உருவாக்கியது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதல் நான்கு கட்டங்களின் வேகம் 1.7, 2.5, 3.4, 4.2. இவை அனைத்தும் மைல். கிலோமீட்டரில் சொன்னால் 2.7, 4.0, 5.5, 6.8. சில ரிப்போர்ட்களில் மைலில் இருக்கும், சிலவற்றில் கிலோமீட்டரில் இருக்கும்.

``டெஸ்ட்ல 3.4 வரைக்கும் நல்லா நடந்தேன், வீட்லயும் அதையே வைக்கிறேன்'' என்பது இரண்டு வகையில் தவறு. முதலாவது, அலகு. இரண்டாவது, அந்த வேகம் இதயத்தைச் சோதிக்க, மருத்துவக் குழு பக்கத்தில் நிற்கும்போது, 14 சதவிகிதச் சரிவில் வைத்தது. தினசரி நடைக்கு அல்ல. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ``எத்தனை வைக்கணும்?'' என்று மட்டும் கேட்காதீர்கள். ``கிலோமீட்டர்ல எத்தனை, சரிவு எவ்வளவு, எத்தனை நிமிஷம்?'' என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றுவது எப்படி?

மெஷினுக்கு மெஷின் வேறுபடும். சிலவற்றில் செட்டிங்ஸ் மெனுவிலேயே `யூனிட்' இருக்கும். சிலவற்றில் ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சேஃப்டி கீயைச் செருக வேண்டும். வேறு சிலவற்றில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். மேனுவல் தொலைந்துபோயிருந்தால், மாடல் எண்ணை வைத்து கம்பெனியின் இணையதளத்தில் தேடலாம் அல்லது கஸ்டமர் கேரில் கேட்கலாம். மாற்றிய பிறகு, ஆரம்ப வேகத்தை மீண்டும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அலகை மாற்றும்போது, பல மெஷின்களில் எடையும் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறும். பவுண்டு கேட்கும் இடத்தில் 70 என்று கொடுத்திருந்தால், மெஷின் உங்களை 32 கிலோ ஆளாக நினைத்துத்தான் இத்தனை நாளும் கலோரி கணக்கு போட்டிருக்கும்.

ஏறும் முன் ஒரு நிமிடம்...

* பெல்ட்டின் இரண்டு பக்கப் பலகைகளிலும் கால் வைத்து நின்றபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகு கால் வையுங்கள்.

* சேஃப்டி கீயின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள். தடுமாறினால் மெஷினை நிறுத்தப்போவது அதுதான்.

* `4' போன்ற நேரடி வேக பட்டன்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்த வேண்டாம். கூட்டல் குறியை அழுத்தி, படிப்படியாகக் கூட்டுங்கள்.

* மெஷினின் பின்பக்கம் சுமார் 2 மீட்டர் இடம் காலியாக இருக்கட்டும். சுவரை ஒட்டிப் போட்டால், விழுபவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

* பராமரிப்பு மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்த நாளில், அந்த நேரத்தில் நடக்காதீர்கள். நடுவில் கரன்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும்.

* நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியில், நிமிடம்தான் முக்கியம்

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனித்தீர்களா, அதில் மைலும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. மிதமான வேகம் என்பதற்கு எளிய அடையாளம், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். மூச்சு வாங்கி வாக்கியம் உடைகிறது என்றால், டிஸ்ப்ளேயில் எந்த எண் இருந்தாலும் உங்களுக்கு அது அதிகம். முழுப் பாட்டையும் நிதானமாகப் பாட முடிகிறதா... இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மேலே சொன்ன வழிகளில் ஒன்றால் அலகைக் கண்டுபிடித்து, ஒரு வெள்ளைத்தாளில், `இது கிலோமீட்டர். அப்பா 4.5, அம்மா 4.0' என்று பெரிய எழுத்தில் எழுதி, கன்சோலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். கண்ணாடி போடாமல் ஏறினாலும் தெரிய வேண்டும்.